முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு

யூன் 9, திங்கள். பிள்ளை பிறந்து 25ஆம் நாள்.

விடிந்ததிலிருந்து மழை. கடற்காற்று வேறு. நாப்பி ஒன்றும் காயவில்லை. வாங்க: இஞ்சி, உள்ளி, பேபி சோப். இன்னும் ஏதோ ஒன்று. மறதி.

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் வெள்ளவத்தை பிளாட்டின் குசினியைக் கைப்பற்றி ஒரு மாதமாகப் போகிறது. நாள் தவறாமல் சரக்குக் கறி, சுறா வறை. பால் ஊறுமாம். பால் ஊறுகிறது. மகளைப் பார்த்தால் ஊற வேண்டிய மற்றதுதான் ஊறவில்லை. எழுதவே வெட்கம்.

குளிக்கும்போது குழாய்த் தண்ணீருக்குள் அவள் அழுகை கேட்டது. மூன்று தடவை ஈரத்தோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். நல்ல நித்திரை. "உனக்கென்ன விசரே? சன்னி பிடிக்கப்போகுது," என்றார் அம்மா.

யூன் 10, செவ்வாய்.

மழை விட்டது. உடுப்பு எடுக்க பல்கனிக்குப் போனேன். எங்களுடையது நாலாம் மாடி. மகள் உள்ளே தொட்டிலில். ஆனாலும் என் இரண்டு கையும் அவளைக் கம்பிக்கு மேலால் விடுவது தெரிந்தது. விழுந்த சத்தமும் கேட்டது. உடுப்பை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்து சோபாவுக்குப் பின்னால் இருந்தேன்.

செய்ய மாட்டேன். அதற்கு யார் உத்தரவாதம்?

சொன்னால் பிள்ளையைப் பறித்துவிடுவார்கள். பின்னேரம் திரும்ப மழை. இவர் வேலையால் வந்து, "உடுப்பெல்லாம் திரும்ப நனைஞ்சு கிடக்குது, ஏன்?" என்றார். மறந்துவிட்டேன் என்றேன்.

யூன் 11, புதன். 27.

மிட்வைஃப் மிஸ் வந்தார். சிங்களவர், தமிழ் கொஞ்சம் வரும். மகளின் நிறை நல்லதாம். பிறகு எனக்கு ஒரு தாள். தாயின் மனம் எப்படி என்று பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை. புள்ளி கூடினால் தாய்க்கு உதவி வேண்டும் என்று அர்த்தம்.

நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பேனையை அம்மா வாங்கிவிட்டார். முப்பது வருடம் கணிதம் படிப்பித்த ரீச்சர், தாளைக் கண்டால் கை சும்மா இராது. "நான் வாசிக்கிறன், நீ விடையைச் சொல்லு." விடையையும் அவரே சொன்னார். "காரணமில்லாமப் பயம் வந்ததோ? சீ, இல்லை. அழுகை? இல்லை." உயிரை மாய்க்கத் தோன்றியதா என்ற பத்தாவதை வாசிக்கவே இல்லை. கோடு மட்டும் போட்டார்.

மிஸ் கூட்டினார். "அம்மா, ஸீரோவா?"

"ஓம். ஒரு பிழையும் இல்லை," என்றார் அம்மா, பெருமையாக.

மிஸ் என்னைப் பார்த்தார். நான் மகளின் காதைப் பார்த்தேன்.

"செவ்வாய் கிளினிக் வாங்க."

யூன் 13, வெள்ளி. 29.

துடக்குக் காலத்தில் தாயையும் பிள்ளையையும் தனியே விடக்கூடாது என்பது வழக்கம். பேய் பிசாசு ஏதாவது அண்டிவிடுமாம். தலைமாட்டில் பாக்குவெட்டி. அம்மா குளிக்கப் போனால்கூட இவரைக் காவலுக்கு இருத்திவிட்டுத்தான் போவார். இந்த வழக்கத்தைக் கும்பிட வேண்டும் போலிருக்கிறது. அண்டுவது எது என்பதில்தான் அம்மாவுக்குப் பிழை.

ஞாயிறு முப்பத்தொன்று, துடக்குக் கழிவு. புதன் ரயிலில் அம்மா போகிறார். பிறகு காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை அவளும் நானும் மட்டும்.

"இன்னும் கொஞ்ச நாள் நில்லுங்கோவன் அம்மா."

"அங்க தம்பி கடைச் சாப்பாட்டில கிடக்கிறான். துடக்குப் போனாப் பிறகு உனக்கென்ன பயம்?"

யூன் 15, ஞாயிறு. 31.

ஐயர் தண்ணீர் தெளித்தார். மகளுக்கு மொட்டை. பெயர் ஆதிரை. அம்மா பாக்குவெட்டியை எடுத்துக் கழுவிக் குசினியில் வைத்தார். எல்லோரும் பாயாசம் குடித்தார்கள், வீடு சுத்தமாகிவிட்டது என்றார்கள்.

கதவைப் பூட்டிக்கொண்டு குளியலறையில் இருந்தேன். இன்று குழாயைத் திறக்காமலே அழுகை கேட்டது.

யூன் 17, செவ்வாய்.

கிளினிக். வெக்கை, சனம். மிஸ் ஆதிரையை அம்மாவின் கையில் கொடுத்து நிறை பார்க்கும் வரிசைக்கு அனுப்பினார். கதவைச் சாத்தினார். புதுத் தாள். "இப்ப நீங்க போடுங்க."

நானே போட்டேன், பத்தாவதுக்கும் உண்மையை. பிறகு பல்கனிக் கதை வெளியே வந்துவிட்டது. மிஸ் பேனையை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"பிள்ளைய யாரும் எடுக்க மாட்டாங்க. இது வருத்தம், மருந்து இருக்கு. நிறைய அம்மாக்கு வாறது. இன்டைக்கே டொக்டர் பாப்போம். தனிய மட்டும் இருக்க வேணாம்."

வெளியே அம்மா. "எத்தனை?"

"இருபத்திரண்டு."

"திரும்பக் கூட்டிப் பாத்தவவோ?"

"நானும் கூட்டினனான் அம்மா. சரி."

அம்மா மர வாங்கில் போய் இருந்தார். ஆதிரையை மடியில் கிடத்தினார். பிறகு, "எனக்குத் தெரியும் பிள்ளை. கேக்கத்தான் பயந்திட்டன்."

டொக்டரின் அறைக்கு வெளியே இருந்து எழுதுகிறேன். முன்னால் ஏழு பேர். அம்மா தம்பியோடு போனில் கதைக்கிறார். "நான் நாளைக்கு வரேல்ல. அக்காவுக்குச் சுகமில்லை. இல்லையடா, காய்ச்சல் இல்லை. மனசு." வரிசையில் எல்லோருக்கும் கேட்கும்படி, வகுப்பில் சொல்வதுபோல, இன்னொரு தடவை: "மனசு."