கொஞ்சம் தூக்கிச் சாத்தவேண்டிய கதவு

டெல்ஸ்போ,
9 அக்டோபர் 1983, ஞாயிறு

அன்புள்ள ஏவெர்ட்டுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் மைலிஸும் சுகம். உன் சுகத்தை எழுது. போன கடிதத்துக்குப் பதில் இல்லை. எண்ணெய் மேடையில் இருக்கிறாய், கடலில் தபால் பெட்டி ஏது என்று முதல் இரண்டு வாரம் பொறுத்தேன். அடுத்த மூன்று வாரம் நீ கரையில், உன் ஸ்டவாங்கர் அறையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாய். உன் வேலை முறை என் காலண்டரில் சிவப்புப் பென்சிலில் இருக்கிறது.

உருளைக்கிழங்கை நிலவறையில் போட்டாயிற்று. எல்க் மான் வேட்டையில் நம் பங்கு இறைச்சி வந்தது. நீ துப்பாக்கி எடுக்காவிட்டாலும் காடு நம்முடையதுதானே. மைலிஸ் படிக்கிறாள். ஜூனில் அவளுக்குப் பள்ளி முடிகிறது. பள்ளி முடித்த அடையாளமாக வெள்ளைத் தொப்பி போட்டு வெளியே வரும் நம் மகளை ஊரெல்லாம் எந்த வண்டியில் சுற்றிக் காட்டப்போகிறாய் என்று நீ சொன்னது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் வாய் திறந்து கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த விஷயத்துக்குத்தான் வருகிறேன். கொட்டகையைத் திறந்தேன். உன் அமெரிக்க ப்யூக் கார் நீ விட்டபடியே கட்டைகள்மேல் நிற்கிறது. தார்ப்பாய்க்குள் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது. வண்டித் தரையும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடுகளும் துருப்பிடித்துப் போயிருந்தன, சரி, வெட்டினாய். இரண்டு கதவுக்கும் நடுவில் தூண் இல்லாத வண்டி. வெட்டுவதற்கு முன் கதவு வாசல்களில் குறுக்கே குழாய் வைத்துக் கட்டியிருக்க வேண்டும். நீ கட்டவில்லை. உங்கள் கார் கிளப்பின் கோடைக் கூட்டத்துக்கு முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். நடுவில் வண்டி தொய்ந்தது. தொய்ந்ததைத் தொய்ந்தபடியே புதுத் தகடு வைத்து வெகு அழகாக வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டாய். அதனால்தான் ஒரு கதவும் சாத்தவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நூலகத்தில் புத்தகம் எடுத்தேன், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். செவ்வாய்க்கிழமைகளில் வெல்டிங் மாலை வகுப்புக்கும் போகிறேன். அதில் நான் ஒருத்திதான் பெண். செலவைக் கோழிக் கணக்கிலிருந்து எடுக்கிறேன், வீட்டுக் கணக்கில் கைவைக்கவில்லை.

வண்டியை நிமிர்த்தப் போகிறேன். கேட்கவில்லை, சொல்கிறேன்.

ஜெபத்தில் உன்னை மறவாத
குன்வோர்

*

ஸ்டவாங்கர்,
2 நவம்பர் 1983

குன்வோர்,

வண்டியைத் தொடாதே. அது முடிந்துபோன விஷயம். இங்கே என்னோடு வேலை செய்கிற டெர்யே என்பவன் அதே மாதிரி வண்டி வைத்திருக்கிறான். உதிரிபாகத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றான். இந்த மாதக் கடைசியில் டிரெய்லரோடு வருவான். கொடுத்துவிடு. கொட்டகை காலியானால் உனக்கும் நல்லது.

வெல்டிங் வகுப்புக்கு நீ ஏன் போகவேண்டும்? வீட்டில் ஒரு வெல்டர் போதாதா?

மைலிஸுக்கு வேறு வண்டி வாடகைக்குப் பிடித்துத் தருகிறேன்.

அந்த நாளை நான் மறக்கவில்லை. கிளப்பே வந்து நின்றது. நான் கதவைச் சாத்தினேன், அது துள்ளித் திறந்தது. "ஏவெர்ட், கதவ விடுப்பா, திரை மாட்டிக்க. குன்வோர் தைச்சுத் தருவா" என்று கிளப்பின் ஸ்டிக் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். முப்பது வருஷமாக வெல்டிங் செய்கிறவன் நான். நீயும் சிரித்தாய்.

ஏவெர்ட்

*

டெல்ஸ்போ,
4 டிசம்பர் 1983, ஞாயிறு

அன்புள்ள ஏவெர்ட்டுக்கு,

இன்று அட்வெந்து இரண்டாம் ஞாயிறு, இரண்டாவது மெழுகுவர்த்தியை ஏற்றியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் எடுக்க மாட்டேன், பேனா எடுக்கலாம்.

சிரித்தேன். ஏன் இல்லை? திரை என்றதும் என் கண்ணில் பூப்போட்ட சமையலறைத் திரைதான் தெரிந்தது, சிரிப்பு வந்துவிட்டது. இப்போது நினைத்தாலும் வருகிறது. இருபத்திரண்டு வருஷம் உனக்குச் சமைத்துப் போட்டவள், உன்னைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு? ஸ்டிக்குக்கு உரிமை இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சிரிப்புக்காக ஒரு மனுஷன் நார்வேக்குப் போய் இரண்டாம் குளிர்காலமும் அங்கேயே உட்கார்ந்திருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உன் டெர்யே வந்தார். நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். வாசலில் இரண்டு பூட்ஸ் வந்து நின்றன.

"வீட்ல யாருங்க?"

"கீழ இருக்கேன். அந்த விளக்கக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க."

தள்ளினார். "ஏவெர்ட் சொல்லி வந்தேன். வண்டிய ஏத்திட்டுப் போகணும்."

"எந்த வண்டி?"

"இதாங்க... நீங்க படுத்திருக்கிற வண்டி."

"அப்ப நான் எந்திரிக்கணுமே. இப்போதைக்கு எந்திரிக்கிற மாதிரி இல்ல."

அவ்வளவு தூரம் பனியில் ஓட்டி வந்தவர், காப்பி கொடுக்காமல் இருக்க முடியுமா? ஏழு வகைப் பிஸ்கட்டும் வைத்தேன். ஐந்தாவது வகையில் கேட்டார்: "எதுக்குங்க இந்தப் பாடு? வித்துட்டா நிம்மதி."

"நிம்மதிதான் வேணும்னா அப்பவே வேற ஆளக் கட்டியிருப்பேன்" என்றேன். மனுஷன் சிரித்த சிரிப்பில் சர்க்கரைத் தூளெல்லாம் மேசையில்.

பிறகு கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜாக்கி அழுத்த வந்துவிட்டார். உன் ஒட்டுக்களை நான் முன்பே வெட்டி எடுத்திருந்தேன். (நல்ல ஒட்டுக்கள், வெட்டவே கஷ்டமாயிருந்தது.) அவர் வண்டியின் நடுவை மெல்ல மெல்ல உயர்த்தினார். நான் ஐந்தாம் நம்பர் பின்னல் ஊசியைக் கதவு இடுக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். புத்தகத்தில் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி என்று போட்டிருக்கிறது, என் ஊசியும் அதே பருமன். கீழே நுழைந்தது, மேலே நுழையவில்லை.

"இன்னும் கொஞ்சம்."

"உடைஞ்சிடும்ங்க!"

"உடையாது. இது இரும்பு, ஆம்பள மனசு இல்ல. அழுத்துங்க."

வண்டி ஒரு முறை முனகியது. ஊசி மேலிருந்து கீழ்வரை வழுக்கிக்கொண்டு போயிற்று. ஸ்தோத்திரம் என்று வாய்விட்டுச் சொன்னேன். அவரும் ஆமென் என்றார், சபைக்குப் போகிற ஆள் மாதிரித் தெரியவில்லை.

காலி டிரெய்லரோடு போனார். ஜாக்கியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். "ஏவெர்ட்கிட்ட என்ன சொல்லட்டும்?" என்றார். "ஊசி நுழைஞ்சுதுன்னு சொல்லுங்க" என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு நீ கரையில் இருப்பாய், காலண்டர் சொல்கிறது. பன்றித்தொடை உப்பில் ஊறுகிறது.

உன்
குன்வோர்

*

ஸ்டவாங்கர்,
15 ஜனவரி 1984

அன்புள்ள குன்வோருக்கு,

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. இன்னொருவன் முறையை நான் எடுத்துக்கொண்டேன். அவனுக்குச் சின்னக் குழந்தைகள்.

டெர்யே வாயை மூடிக்கொண்டிருப்பான் என்று நினைத்தாயா? மேடை முழுக்கத் தெரியும். சாப்பாட்டு வரிசையில் சமையல்காரன் குழம்புக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு "ஏவெர்ட், இன்னிக்கு ஊசி நுழைஞ்சுதா?" என்கிறான். மேலதிகாரியும் கேட்கிறார். அவர்கள் என்னைக் கேலி செய்யவில்லை. உன் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள்.

நீ எப்படியும் நிறுத்தப்போவதில்லை. அதனால் கேள். குழாய்களை நேராக மட்டும் வைத்தால் போதாது, பெருக்கல் குறி போலக் குறுக்கேயும் ஒன்று வை. ஒரே மூச்சில் நீளமாக ஒட்டாதே, சூட்டில் தகடு நெளியும். விரல் நீளம் இடது பக்கம், விரல் நீளம் வலது பக்கம், ஆறவிட்டு மறுபடி. ஒவ்வொரு தடவையும் ஊசியைப் போட்டுப் பார். மேல்தளத்தில் வைக்கோல் இருக்கிறது, தண்ணீர் வாளி இல்லாமல் பொறி பறக்கவிடாதே. என் கையுறை உனக்குப் பெரிது, அதைப் போட்டுக்கொண்டு செய்யாதே.

உன் கை அளவுக்கு ஒரு தோல் கையுறை அனுப்பியிருக்கிறேன். கடைக்காரனிடம் என் கையை விரித்து, இதில் பாதி என்று காட்டினேன்.

ஏவெர்ட்

*

டெல்ஸ்போ,
18 மார்ச் 1984, ஞாயிறு

அன்புள்ள ஏவெர்ட்டுக்கு,

கையுறை பொருந்துகிறது. நீ அளவு காட்டியது சரி.

நீ சொன்னபடியே விரல் நீளம் இங்கே, விரல் நீளம் அங்கே என்று முடித்துவிட்டேன். குழாய்களை வெட்டி எடுத்த அன்று ஜெபம் பண்ணிவிட்டுத்தான் ரம்பத்தை வைத்தேன். வண்டி அசையவில்லை. நான்தான் உட்கார்ந்துவிட்டேன்.

சபைத் தையல் குழுவில் பெரிய விசாரணை. தலைவி தெக்லா மூக்கைச் சுளித்தாள்: "குன்வோர், மிஷனுக்குத் தைக்கிற துணியில மசகு நாத்தம் வருதே. அதுவும் ஊர்சுத்திப் பசங்க பாட்டப் போட்டுக்கிட்டுச் சுத்துவாங்களே, அந்த வண்டியாமே!"

"வண்டி ஊர் சுத்தாது தெக்லா. ஓட்டுறவன்தான் சுத்துவான். நம்ம பாஸ்டரோட சைக்கிள ஒரு குடிகாரன் எடுத்துட்டுப் போனப்ப, சைக்கிள சபைய விட்டா தள்ளி வச்சோம்?"

அடுத்த வாரம் அவளே வந்து கிழிந்த இருக்கைகளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இத யாரு தைக்கப்போறா?" என்றாள். இப்போது மிஷன் தலையணை உறைகளோடு இருக்கை உறையும் தைக்கிறார்கள். பச்சைத் துணி, வெள்ளை ஓரம்.

மூன்று கதவும் சாத்துகின்றன. வெல்டிங்குக்காகக் கழற்றிய கதவு, முன்பக்கம் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையின் கதவு மட்டும் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கதவு மாட்டுவது ஒருவர் வேலை இல்லை என்று உனக்குத் தெரியும். ஒருவர் பாரத்தைத் தாங்க வேண்டும், இன்னொருவர் கீல் ஆணியை முறுக்க வேண்டும். மைலிஸால் தாங்க முடியவில்லை. ஸ்டிக் வந்து வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், கூப்பிட்டால் வருகிறேன் என்றான். நான் கூப்பிடவில்லை.

ஜூன் ஐந்தாம் தேதி வாகனச் சோதனை. வண்டி உன் பெயரில் இருப்பதால் உன் கையெழுத்து இல்லாமல் பார்க்க மாட்டார்களாம். அதைத் தபாலில் அனுப்பாதே, ஏவெர்ட். கையில் கொண்டு வா. கதவை ஒரு பக்கம் பிடி.

உன்
குன்வோர்

*

ஸ்டவாங்கர்,
13 மே 1984

அன்புள்ள குன்வோருக்கு,

கையெழுத்தைத் தபாலில்தான் அனுப்புகிறேன். கோபப்படு. வண்டியை உன் பெயருக்கே மாற்றி எழுதியிருக்கிறேன், இனி என்னைக் கேட்கவேண்டியதில்லை. மைலிஸ் தொப்பி போடும் நாளில் நான் கடலில். இந்த முறை நான் கேட்டு வாங்கியது இல்லை, நிஜமாகவே என் முறை.

ஏப்ரலில் உன் கடிதம் வந்தபின் வீட்டுக்கு வரத்தான் லியூஸ்டால் ஸ்டேஷன் வரை வந்தேன். பெட்டியோடு இறங்கினேன். அங்கே ஸ்டிக் யாரையோ ஏற்றிவிட வந்திருந்தான். "ஏவெர்ட்! கதவ மாட்ட வந்தியா?" என்றான். நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. சும்மா வந்தேன் என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பினேன்.

கெடுத்தவன் நான், நிமிர்த்தியவள் நீ. எல்லாம் முடிந்தபின் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்குத் தெரியவில்லை.

மைலிஸை முத்தமிடு.

ஏவெர்ட்

*

டெல்ஸ்போ,
10 ஜூன் 1984, ஞாயிறு

அன்புள்ள ஏவெர்ட்டுக்கு,

லியூஸ்டால் விஷயத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் கொட்டகைப் பக்கம் போகவில்லை. மறுநாள் போனேன். ஜூன் ஐந்து காத்திருக்காது.

கதவைத் தெக்லா பிடித்தாள். அந்த உடம்புக்கு அந்த பலம் எங்கிருந்து வந்ததோ! "முறுக்குடி, முறுக்கு, கர்த்தர் ஒரு கைதான் குடுப்பாரு" என்று கத்திக்கொண்டே இருந்தாள். மாட்டிவிட்டோம். ஆனால் மயிரிழை கீழே இறங்கி நிற்கிறது. சாத்தும்போது கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினால் சாத்தும், தூக்காவிட்டால் துள்ளும்.

சோதனைக்காரர் தரை முழுக்கச் சுத்தியால் தட்டிப் பார்த்தார். எங்கேயும் பொத்தல் இல்லை. பிரேக், விளக்கு, எல்லாம் சரி. கடைசியில் அந்தக் கதவைச் சாத்தினார், துள்ளிற்று.

"கொஞ்சம் தூக்கிச் சாத்துங்க."

தூக்கிச் சாத்தினார், நின்றது. "மத்ததெல்லாம் இவ்ளோ சுத்தமா இருக்கு. இத மட்டும் ஏன் விட்டீங்க?"

"அதுக்கு ஒரு ஆள் பாக்கி" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். பூட்டிக்கொள்கிறது, அது போதும் என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மைலிஸ் வெள்ளைத் தொப்பியோடு பள்ளிப் படியில் ஓடிவந்தாள். வழக்கப்படி அவளுடைய குழந்தைப் படத்தைப் பெரிதாக்கிக் கழியில் தூக்கிப் பிடித்தேன். உன் மடியில் உட்கார்ந்து உன் மூக்கைப் பிடித்து இழுக்கும் படம். உன்னை வெட்டிவிட்டு அவளை மட்டும் போடலாம் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார். வேண்டாம் என்றேன். பிர்ச் மரத்தின் இலை கட்டிய வண்டியில் ஊர் முழுக்கப் போனோம். தையல் குழு சபை வாசலில் நின்று கையசைத்தது. கிளப்பின் வண்டிகள் சாலையோரம் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. ஸ்டிக் ஜன்னலில் குனிந்து, "யாரு வெல்டிங்?" என்று கேட்டான்.

"முதல்ல ஏவெர்ட். அப்புறம் நான்."

அவன் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

இனி என் ஏற்பாட்டைச் சொல்கிறேன். ஜூலை பதினாறாம் தேதி திங்களன்று புறப்படுகிறேன். மலை வழியாக இரண்டு நாள். தெக்லா கோழிகளைப் பார்த்துக்கொள்வாள். புதன்கிழமை உங்கள் ஹெலிகாப்டர் கரையிறங்குகிறது, காலண்டர் சொல்கிறது. நிலைய வாசலில் பச்சையும் வெள்ளையுமாக இருக்கை உறை போட்ட வண்டியோடு நிற்பேன். ஹாரன் அடிக்க மாட்டேன். உன் கூட்டாளிகள் எல்லோரும் இருப்பார்கள், அந்தச் சமையல்காரரும் இருக்கட்டும். அவர்கள் கண்முன்னால்தான் நீ நடந்து வரவேண்டும். லியூஸ்டாலில் செய்ததை அங்கே செய்ய இடமில்லை, உன் அறைக்குப் போகும் சாலையை மறித்துக்கொண்டுதான் நிறுத்துவேன்.

நீ வராவிட்டால் கொண்டுபோன ரொட்டியைத் தின்றுவிட்டுத் திரும்புவேன். வண்டி என் பெயரில் இருக்கிறது, ஓட்டவும் தெரியும். பிறகு அந்தக் கதவை ஸ்டிக்கையே கூப்பிட்டுச் சரிசெய்துகொள்வேன், காலண்டரில் சிவப்புப் பென்சிலும் வைக்க மாட்டேன். இதை மிரட்டலாக எழுதவில்லை. ஜெபம் பண்ணி, யோசித்து எழுதுகிறேன்.

கருவிப்பெட்டி பின்னால் இருக்கும். கீல் ஆணிக்கான ஸ்பேனரைத் துணியில் சுற்றி எனக்குப் பக்கத்தில், உன் இருக்கைமேல் வைத்திருப்பேன். ஏறும்போது அதன்மேல் உட்கார்ந்துவிடாதே. உட்கார்ந்ததும் உன் வழக்கப்படி கதவை அடித்துச் சாத்தாதே.

கொஞ்சம் தூக்கு. அப்புறம் இழு.

உன்
குன்வோர்