பள்ளத்து நீரில் ஒரு கரண்டி எண்ணெய்

கூப்பிட்டால் இன்னும் அடுக்களையிலிருந்து "வரேண்டி" என்று குரல் கொடுப்பீர்கள் என நினைக்கவைக்கும் என் அக்காவுக்கு,

ஓரகத்திகள் ஒரே வீட்டில் குப்பை கொட்ட முடியாது என்று ஊரில் கேலி செய்தார்களே. பிழைக்க வந்த இந்தத் தெலுங்கு ஊரில், குகட்பள்ளியில், நாம் கொட்டினோம். போன மழைக்காலத்தில் டெங்கு வந்து உங்களைக் கொண்டுபோயிற்று.

இந்த மழைக்கும் அது பக்கத்து மனையில்தான் காத்திருக்கிறது. சாப்ட்வேர்காரர்களுக்கு அடுக்குமாடி கட்டத் தோண்டி, பாதியில் விட்ட அதே பள்ளம், நிறைய மழைத்தண்ணீர். முனிசிபாலிட்டிக்காரர் வந்தார், பார்த்தார், போனார்.

அதனால் தினமும் காலையில் நானே அந்தத் தண்ணீரில் தேங்காயெண்ணெய் ஊற்றுகிறேன். முதல் நாள் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு கரண்டிதான். தூசியெல்லாம் விலகி ஓட, எண்ணெய் பரவிக் கண்ணுக்கே தெரியாமல் போயிற்று. கொசுப்புழு மூச்சுவிட மேலே வந்தால் அந்தப் படலம் விடாது. ஆசையில் இன்னொரு கரண்டி ஊற்றினேன். அது பரவாமல் வட்டம் வட்டமாக நின்றது. காற்றடித்தாலோ எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடுகிறது. எனக்கு இருப்புக்கொள்வதில்லை. வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடக்கிறேன்.

போன வாரம் முதல் கரண்டியே பரவவில்லை. பார்த்தால், எதிர்க்கரையில் கொட்டகை போட்டிருக்கும் லட்சுமி துணி துவைக்கிறாள். சோப்புத் தண்ணீரில் எண்ணெய் எப்படிப் பரவும்? சண்டைக்குப் போனேன். "மாகு நல்லா லேதம்மா, எக்கட உதுகாலி?" என்றாள். 'நல்லா' என்று இவர்கள் சொல்கிற குழாயே இல்லாதவள் எங்கே போய்த் துவைப்பாள்? இடுப்பில் குழந்தை வேறு. நம் கொல்லைக் குழாயைக் காட்டிவிட்டு வந்தேன். உங்கள் கொழுந்தனார் முறைத்தார். முறைக்கட்டும்.

நேற்று உங்கள் மகள் திவ்யாவுக்குக் காய்ச்சல். மாத்திரையை நீட்டினால் "நக்கோ சித்தி" என்று வேண்டாமெனத் தள்ளுகிறாள். உங்கள் பிடிவாதம். ரத்தம் எடுத்திருக்கிறார்கள், சாயங்காலம் ரிசல்ட். காற்றடித்த அன்று மறுபடி ஊற்றியிருக்க வேண்டுமோ? அந்த மூலையைக் கவனிக்காமல் விட்டேனோ? உட்கார முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே நிறுத்திவிட்டு லேபுக்குப் போய்வந்தேன். டெங்கு இல்லை, அக்கா. சாதாரணக் காய்ச்சல்தான். லேப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் காய்ச்சல் வேகத்தில் அவள் "அம்மா" என்று முனகினாள். உங்களைத்தான் தேடினாள். பக்கத்தில் இருந்தது நான். "என்னடா கண்ணு, இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

கோபமா, அக்கா?

கோபித்தாலும் சரி. இனி அவள் எப்போது அப்படிக் கூப்பிட்டாலும், யாரை நினைத்துக் கூப்பிட்டாலும், பதில் வராமல் இருக்காது.

உங்கள் ஓரகத்தி,
திவ்யாவின் சித்தி,
செல்வி