சைலன்சருக்குள் இறுகிப்போன வால்வு

ராஹே, பின்லாந்து, மே 6

என் செல்ல மிந்து,

அப்பாவும் நானும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த நியூசிலாந்துக் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கடலில் பனிக்கட்டி போய்விட்டது. குளிர்காலம் முழுக்க வழுக்காமலிருக்கத் தெருவில் கொட்டின மணலை நகராட்சி வண்டி வந்து பெருக்கி எடுத்துவிட்டது, அந்தத் தூசியில் எனக்கு மூன்று நாள் தும்மல், வேறொன்றுமில்லை. மே தினத்துக்கு எலுமிச்சை சிமா பானம் புளிக்கப் போட்டேன், அதில் போட்ட உலர்திராட்சை சீக்கிரமே மேலே மிதந்துவிட்டது, அப்பா இரண்டு டம்ளர் குடித்தார்.

போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடிவதில்லை, கடிதம் எழுதுவதற்கு அதுதான் காரணம். முதலில் உன்னிடம் சொன்ன ஒரு பொய்யை ஒப்புக்கொண்டு தொலைக்கிறேன். போன அக்டோபரில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆம்புலன்ஸ் ஓவ்லு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, பக்கத்து வீட்டுத் தைஸ்தோ மாமாதான் என்னைக் காரில் கூட்டிப்போனார் என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா, அது நடக்கவில்லை. தைஸ்தோ அன்று ஊரில் இல்லை, நம் கார் கியர் வேலைக்காகப் பட்டறையில் கிடந்தது. நான் என் நீல மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு எழுபத்தைந்து கிலோமீட்டர் அந்தப் பனித்தூறலில் போனேன். சாலை முழுக்க அப்போதுதான் பனி உருக உப்புத் தூவியிருந்தார்கள். ஆபரேஷன் முடிந்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு வண்டியைக் கழுவ வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை, உப்போடு அப்படியே கொட்டகையில் தள்ளிப் போர்வையைப் போட்டு மூடிவிட்டேன். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவள், சின்னப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு.

குளிர்காலம் எப்படிப் போனது என்றும் உனக்கு நான் முழுசாகச் சொல்லவில்லை. தையல் ஆறிவிட்டது, மாத்திரை ஒத்துக்கொண்டது, அதெல்லாம் நிஜம்தான். ஆனால் அப்பா ஜன்னல் பக்கத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னார், நர்ஸ் சொன்னாள், நான் கெஞ்சினேன், கத்தினேன். தபால் பெட்டி வரை போவார், திரும்பி வந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்காருவார். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். உருக்கு ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் வெல்டிங் செய்த மனுஷன், ஒரு பால் பாட்டிலைத் தூக்கவும் யோசித்தார். உனக்குச் சொன்னால் நீ டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய் என்று வாயை மூடிக்கொண்டேன், திட்டாதே.

ஏப்ரல் கடைசி வாரம் சாலை காய்ந்தது, வண்டியை எடுத்தேன். சாவியைத் திருப்பினதும் சீட்டுக்குக் கீழே இருக்கிற குட்டி மோட்டார் எப்போதும் ஒரு தடவை விர்ரென்று சுற்றி நிற்கும், அன்று அது மூச்சு முட்டினாற்போல் முனகிவிட்டு நின்றுபோனது, முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்ஜின் ஓடியது, ஆனால் தொண்டை அடைத்தவன் பேசுவதுபோல் ஒரு சத்தம். எனக்கு உடனே புரிந்தது. சைலன்சர் குழாய்க்குள் ஜாம் பாட்டில் மூடி அளவுக்கு ஒரு தகடு இருக்கிறது, அந்த மோட்டார் இரண்டு கேபிளால் இழுத்து அதைத் திறந்து மூடும், அதுதான் வால்வு. உப்பும் ஈரமும் ஆறு மாதம் ஊறி அதன் தண்டு துருவாலேயே ஒட்டிப்போயிருந்தது. மேல் மூடியில் மூன்று போல்ட், இரண்டு வந்தன, மூன்றாவதின் தலை கையோடு முறிந்தது. மூடியை வளைத்து எடுத்து, கேபிளைக் கழற்றி, வால்வுத் தண்டின் தலையில் இருக்கிற குட்டிச் சக்கரத்தைக் கையால் திருகிப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. துரு இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் அடித்து இரண்டு நாள் ஊறவிட்டேன், இம்மியும் அசையவில்லை. ஓவ்லுவில் ஒரு கடைக்குப் போன் செய்தால், வால்வை மட்டும் தனியாகத் தர மாட்டார்கள், குழாய் முழுவதையும் மாற்ற வேண்டும், வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள்.

மூன்றாம் நாள் தைஸ்தோ மாமா சுத்தியலோடு வந்தார். இரண்டு தட்டு தட்டினால் வந்துவிடும், வராவிட்டால் கேபிளை வெட்டிப் போட்டுவிட்டு ஓட்டு, யாருக்குத் தெரியப்போகிறது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில் அவர் வாய் சும்மா இருக்காமல், “எதுக்கு ஹெல்வி இவ்வளவு பாடு? ஜனவரியிலேயே உன் வீட்டுக்காரன் ஓர்வோ என்னைக் கூப்பிட்டு இதை வாங்கிக்கச் சொன்னானே” என்றார். எனக்குக் காது அடைத்துப்போனது. என் வண்டி, என்னைக் கேட்காமல். சுத்தியலை அவர் கையிலிருந்து பிடுங்கினேன், வால்வு இளகட்டும் என்றா அல்லது உடைந்தே போகட்டும் என்றா, எனக்கே தெரியாது. கையை ஓங்கினபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

“சுத்தியலைக் கீழ வை.”

அப்பா கொட்டகை வாசலில் நின்றார். வீட்டுச் செருப்பு, பைஜாமா, மேலே கம்பளிக் கோட்டு. ஐந்து மாதமாகத் தபால் பெட்டியைத் தாண்டாதவர் முற்றத்தைக் கடந்து வந்திருக்கிறார், ஜன்னல் வழியாக மூன்று நாளும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தட்டினால் தகடு கோணிவிடும், அப்புறம் கடவுளே வந்தாலும் மூடாது, தண்டைச் சுற்றியிருக்கிற கழுத்தைத்தான் சூடாக்க வேண்டும், வெளிப்பக்கம் விரியும், உள்ளே ஒரு மயிரிழை இடைவெளி கிடைக்கும் என்றார். கிறிஸ்துமஸுக்கு மிஞ்சின மெழுகுவர்த்தி எங்கே என்று கேட்டார். தைஸ்தோ மெல்ல வீட்டுக்கு நழுவிவிட்டார், புத்திசாலி.

வண்டியை வெளியே தள்ளி, எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, பெட்ரோல் டாங்கின்மேல் ஈரத் துண்டைப் போட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்தோம். அப்பா முக்காலியில் உட்கார்ந்து சின்ன காஸ் டார்ச்சைப் பற்றவைத்தார். முதலில் சுடர் இங்கும் அங்கும் அலைந்தது மிந்து, நான் பார்க்காததுபோல் மெழுகுவர்த்தியில் கண்ணை வைத்துக்கொண்டேன். அப்புறம் சுடர் ஆடாமல் நின்றது, வரைந்துவைத்த கோடு மாதிரி. சூடான கழுத்தில் நான் மெழுகைத் தேய்ப்பேன், அது உருகி இடுக்குக்குள் இறங்கும், ஆறும் வரை காத்திருந்து ஸ்பேனரால் மெல்ல நெம்பிப் பார்ப்பேன். மறுபடி சூடு, மறுபடி மெழுகு. நடுவில் காத்திருக்கிற நேரத்தில்தான் கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லாமல் விற்கப் பார்த்தீர்கள் என்று. அவர் டார்ச்சையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

“ஆஸ்பத்திரில நீ உள்ள வந்தப்ப உன் உதடு நீலமா இருந்துச்சு. ஜாக்கெட்டுலேர்ந்து ஐஸ் கொட்டுச்சு. எனக்கு என்ன ஆகும்னு நான் அப்ப நினைக்கவே இல்ல. இவ வழியில விழுந்திருந்தா என்கிட்ட யாரு வந்து சொல்லியிருப்பாங்கன்னுதான் நினைச்சேன். தினமும் அதைத்தான் நினைச்சிட்டு உக்காந்திருக்கேன்.”

இவ்வளவு பேச்சை அவர் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை. நான் அவர் நெஞ்சுவலிக்குப் பயந்துகொண்டிருந்தேன், அவர் என் வண்டிக்குப் பயந்துகொண்டிருந்தார், ஒரே வீட்டில் இரண்டு பேரும் சால்மன் சூப்பைக் குடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் குளிர்காலத்தைக் கழித்திருக்கிறோம். இனிமேல் மழையிலும் பனியிலும் எடுக்க மாட்டேன், ஆனால் விற்க மாட்டேன் என்றேன். அவர் குழாய்க்குப் பக்கத்தில் கையை நீட்டிச் சூடு பார்த்துவிட்டு, “சரி, ஸ்பேனரைப் போடு, ஆறிப்போச்சு” என்றார்.

ஆறாவது தடவை ஒரு நூலளவு அசைந்தது. அவசரப்படாதே, முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம் என்றார். துரு கறுப்புச் சேறாக வழிந்தது. மதியம் இரண்டு மணிக்கு ஒரு விரலாலேயே சக்கரம் சுற்றியது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, செம்புக் கிரீஸ் தடவி, கேபிளைக் கொஞ்சம் தளர்வு விட்டு மாட்டினேன், முறிந்த போல்ட்டை அப்பா வெல்டிங் வைத்துக் கழற்றிக் கொடுத்தார். சாவியைத் திருப்பினேன். விர்ரென்று ஒரு சுற்று, விளக்கு எரியவில்லை. இன்னொரு தடவை போடு என்றார். போட்டேன். இன்னும் ஒரு தடவை என்றார். மூன்றாவது தடவை அவர் சிரித்தார், முகத்தில் கரி, பைஜாமாவில் மெழுகு.

மே தினத்துக்கு மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டேன், ஆபரேஷனில் வெட்டின நெஞ்செலும்பு நன்றாகக் கூடிவிட்டது, தாராளமாகப் போகலாம் என்றார். உன் பழைய ஹெல்மெட் அப்பா தலையில் பாதிதான் இறங்கியது, தைஸ்தோவுடையதை வாங்கி மாட்டினோம். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவர் என் பின்னால் உட்கார்ந்ததே இல்லை, கௌரவம் பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் காபியும் ஏலக்காய் ரொட்டியும் வாங்கிக்கொண்டு படகுகளைப் பார்த்து உட்கார்ந்தபோது, இத்தனை வருஷம் ஏன் ஏறவில்லை என்று கேட்டேன். ரொட்டியை முழுசாகத் தின்று முடித்துவிட்டுச் சொன்னார், “நீ கூப்பிடவே இல்லையே, ஹெல்வி.”

நீ நன்றாக இரு, உன் வேலையும் உன் கடலும் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. அந்தக் கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் கொஞ்சம் நேரம் கழித்துக் கூப்பிடு, காலையில் நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் இருக்க மாட்டோம்.

உன் அன்பு அம்மா,
ஹெல்வி