எத்தனை விசில் ஆச்சு, பிரபா?

செப்டம்பர் 8, திங்கள்

மதியம் லண்டன் கிளையன்ட்டோடு கால். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் குக்கர் கத்தியது. டீம் லீட் தாமோதரன் விடுவாரா? "எத்தனை விசில் ஆச்சு பிரபா? எறக்கி வெச்சுட்டு வாங்க, வெயிட் பண்றோம்" என்றார். முதலில் தமிழில். பிறகு எல்லாருக்கும் புரியும்படி இங்கிலீஷில். எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்துத் தொலைத்தேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

புது ப்ராஜெக்ட்டுக்கு லீட் அவரா நானா என்பதை அக்டோபர் 2 டெமோ பார்த்துவிட்டு கிளையன்ட் சொல்வான். அந்த ஆளிடமிருந்து அதைப் பிடுங்காமல் விடமாட்டேன்.

செப்டம்பர் 9

தாமோதரன் மெயில். இனி எல்லா காலிலும் கேமரா ஆன். இல்லையென்றால் ப்ரொஃபஷனல் இல்லையாம். நெம்மேலியில் கடல் தெரிகிற ஜன்னல் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன? கூடுவாஞ்சேரியில் என் முதுகுக்குப் பின்னால் தெரிவது ஃப்ரிட்ஜும் அதன் மேல் வாழைப்பழமும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

படுக்கையறை பீரோவை ஹாலுக்குத் தள்ளியாச்சு. ஜி.எஸ்.டி. ரோட்டில் பழைய ஆபீஸ் நாற்காலி ஒன்று கிடைத்தது. கைப்பிடி கிழிந்திருக்கிறது, முதுகுக்கு இதம். கால் தரையில் எட்டவில்லை, பூஜை அறை மணையை எடுத்துப் போட்டேன். லேப்டாப்புக்கு அடியில் காலேஜ் புத்தகங்கள். கரண்ட் போனாலும் நெட் போகாமல் இருக்க மோடத்துக்குத் தனி யூபிஎஸ்.

"ஆபீஸ் போடறியா, சண்டைக்கு ரெடியாவறியா?" என்றார் என் வீட்டுக்காரர் தமிழ்வாணன்.

"ரெண்டும்தான்."

மாமியார் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, செவுத்த பாத்துகினு ஒக்காந்தா வேல வெளங்குமா? கெழக்கால திருப்பு."

முனகிக்கொண்டே திருப்பினேன். ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தது. பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். அத்தை சொன்னதுதான் சரி. அவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 23

முதுகுவலி இல்லை. வேலை ஓடுகிறது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது, இருக்கட்டும்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

அரிவாள்மணை, பைக், என் லேப்டாப் எல்லாவற்றுக்கும் அத்தை பொட்டு வைத்தார். லேப்டாப்பைத் திறந்து, மேல் விளிம்பில் சரியாக நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கேமராவே மூடிவிட்டது. கேட்டால், "நடு நெத்தில தானம்மா வெக்கணும்" என்கிறார்.

பூஜையில் வைத்ததை இன்று தொடக்கூடாது. டெமோ நாளைக்கு, லண்டன்காரனுக்கு ஏது காந்தி ஜெயந்தி லீவு? பொரி தின்றுகொண்டே மனதுக்குள் பேசிப் பார்த்தேன்.

அக்டோபர் 2

காலையில் லேப்டாப்பை எடுத்து முதல் வேலையாகக் கேமராவைத் துடைத்தேன்.

மதியம் கால். தாமோதரன் வந்தார். அவர் குரல்தான் வந்தது. ஆள் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு மங்கல், நடுவில் சிவப்பு. பார்த்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்கள் பூனேக்காரர்கள், அவர்களுக்கு என்ன தெரியும்?

"துடைங்க" என்று ஒரு வார்த்தை. சாட்டில் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? விரல் கீபோர்டு மேலேயே இருந்தது. அடிக்கவில்லை.

செட்டிங்ஸைக் குடைந்தார். பிறகு ரீஸ்டார்ட் போட்டார். அப்டேட் ஓட ஆரம்பித்துவிட்டது போல, டெமோ முடியும்வரை திரும்பவில்லை. "நான் கண்டினியூ பண்றேன்" என்றேன். பண்ணினேன். அத்தனை அழகாக நான் என்றைக்கும் பேசியதில்லை.

அக்டோபர் 7

மெயில் வந்துவிட்டது. நான்தான் லீட். இரண்டு முறை படித்தேன். ஜில்லென்று இருந்தது.

அக்டோபர் 9

தாமோதரன் மனைவி காயத்ரி போன் செய்தாள். மாமல்லபுரம் டீம் அவுட்டிங்கில் ஒருமுறை பார்த்தது.

"அக்கா, நான்தான் அவர் லேப்டாப்புக்குப் பொட்டு வெச்சேன். அது கேமரான்னு தெரியல. 'நீ என் வாழ்க்கையவே கெடுத்துட்ட'ன்னு சொல்லிட்டு அன்னிலேர்ந்து எங்கிட்ட பேசல. நான் சமைச்சா சாப்பிடறதில்ல. நீங்க ஒரு வார்த்த சொல்ல முடியுமாக்கா?"

சே. நான் அடித்தது அந்த ஆளை. வலி இவளுக்கா?

அக்டோபர் 10

தாமோதரனைக் கூப்பிட்டேன். "வீட்ல பேசுங்க. அது பொட்டுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"தெரிஞ்சுதான் சொல்லல."

போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் காயத்ரியிடமிருந்து மெசேஜ். "சாப்பிட்டாருக்கா. உங்களதான் திட்டிகினு இருக்காரு. நானும் சேந்து திட்டினேன், கோச்சுக்காதீங்க."

திட்டட்டும். ரெண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து நன்றாகத் திட்டட்டும்.