நாற்காலியில் ஒரு படகுச் சவாரி

என் செல்லக் கழுதைக்கு,

விபத்துக்கு அப்புறம் நீ இந்தச் சுவரைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. அதனால்தான் கடிதத்தை இதிலேயே ஒட்டியிருக்கிறேன்.

காலையில் உன் சக்கர நாற்காலியைத் திருடியது நான்தான். ஏரியில் நாற்காலியோடு ஏற்றிக்கொள்ளும் படகு விடுகிறார்கள். உன்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் நானே உட்கார்ந்து போய்ப் பார்த்தேன். எனக்குத்தான் நடக்க முடியாது என்று நினைத்து, சாய்வுப் பலகை வழியாகப் பதமாக உருட்டி ஏற்றினார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. நாணல் ஓரமாக இரண்டு நீர்நாய்கள் ஒரு மீனுக்கு அடித்துக்கொண்டன, நீயும் அண்ணனும் கடைசி மீன் துண்டுக்கு அடித்துக்கொள்வீர்களே, அதே மாதிரி.

கரைக்கு வந்ததும் உன் அப்பனுக்கு மறதி. சட்டென்று எழுந்து நடந்துவிட்டேன்.

"ஐயோ சார், நடக்குறீங்களே!" என்று படகோட்டும் அம்மா அலறினார். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் என் கால்கள் கூசிப்போயின.

சிரி, இல்லாவிட்டால் திட்டவாவது செய். நேற்றும் நீ சாப்பிடவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை, கண்ணு.

படகுக்கு வா என்றுகூடக் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பு. உன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ திரும்பும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

உன் முதுகைப் பார்த்தபடி,
அப்பா