தலைக்கணக்கில் குட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று எங்கள் ஆணையத்தில் வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. அபராத ஆணையின் மேலட்டை நீல நிறத்தில் இருக்கும். பச்சைக்காக மூன்று கூட்டங்களில் போராடிய துணை இயக்குநர் பொதுநலன் கருதி விட்டுக்கொடுத்தார். எல்லோரும் கைதட்டினோம்.

அத்தானுக்கு முதுகுவலி தேவலையா? இங்கே மழை விடவில்லை. குடையை அலுவலகத்தில் வைத்துவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்கு வருகிறேன்.

அந்தச் சமூக ஊடக நிறுவனத்துக்கு எப்படித்தான் அபராதம் போடுவீர்கள் என்று போனில் கேட்டாய். அதன் உலகளாவிய ஆண்டு வருமானத்தில், குற்றத்தின் கடுமைக்குத் தக்கபடி இத்தனை சதவீதம் என்று எடுப்போம். எத்தனை காலம் நடந்தது, எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று பார்த்து ஏற்றுவோம். நல்லபிள்ளையாக ஒத்துழைத்திருந்தால் இறக்குவோம். ஏற்றுவதற்கு எங்கள் ஆட்கள் நாலு பேர். இறக்குவதற்கு அவர்களுடைய வக்கீல்கள் இரண்டு லிஃப்ட் நிறைய வருகிறார்கள்.

குட்டி என் அக்கா மகள் என்று நானே எழுதிக்கொடுத்துவிட்டதால், சதவீதம் முடிவாகும் அறைக்குள் என்னை விடுவதில்லை. எனக்கு மேலட்டையும் அச்சுப்பிழையும்தான்.

"எம்பொண்ணு தலையையும் சேத்துத்தானடா எண்ணுவீங்க?" என்று நீ கேட்டதைப் பிரிவுத் தலைவரிடம் சொன்னேன். கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "பட்டினி கிடக்கச் சொல்ற வீடியோவ அவங்க நிறுத்துன அன்னைக்கு யார் யாருக்குக் கணக்கு இருந்துச்சோ, அவங்களத்தாம்பா எண்ணுறோம். அதுக்கு முன்னாடி போன புள்ளைங்களுக்குப் படிவத்துல கட்டமே போடல. போட்டிருக்கணும்" என்றார்.

குட்டியின் கணக்கை அதற்கு முன்பே மூடச் சொல்லி அத்தான் எழுதிவிட்டார். வேறென்ன செய்வார்? அவள் போன பிறகும், 'ரொம்ப நாளாக உன்னைக் காணோமே' என்று அந்தச் செயலி தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்ததே. அவரைக் கோபித்துக்கொள்ளாதே அக்கா. இதை அவரிடம் சொல்லவும் வேண்டாம்.

சாப்பாட்டு மேசையில் இன்னும் மூன்று தட்டு வைக்கிறாயாம். வை, யார் கேட்கப்போகிறார்கள். உன் தட்டில் இருப்பதை மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. எனக்காக.

உன் நலனையே நினைத்திருக்கும்,
தம்பி

பி.கு.: ஆணையை அச்சுக்கு அனுப்பிவிட்டேன். பிழை எதுவும் இல்லை. நாற்பத்தொன்றாம் பக்கத்தில், குடும்பத்தார் கேட்டவுடன் பிள்ளைகளின் கணக்குகளைத் தாமதமின்றி மூடிக்கொடுத்ததற்காக, நிறுவனத்துக்கு அபராதத்தில் பத்து சதவீதம் குறைக்கப்பட்டிருக்கிறது.