உப்பு தூவியவள் வளர்த்த கேந்தி

அக்கா,

இன்றைக்கும் விடிந்ததும் சாக்கைத் தூக்கினேன். நனைந்த சணலும் அழுகிய முட்டைக்கோஸ் இலையும் சேர்ந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும், "மூக்கப் பொத்தாத, கைய உள்ள விடு" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து நீங்கள் அதட்டுவது போலிருந்தது. நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. நத்தைகளுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போல, ஒன்றுகூடக் குறையவில்லை.

முத்தையாபுரத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மதில். அந்தப் பக்கம் உங்கள் கேந்திப்பூப் பாத்தி, இந்தப் பக்கம் என் கத்தரி. ஐப்பசியில் ஒரு மழை விழுந்தால் போதும், உள்ளங்கை அகல நத்தைகள் விருந்துக்கு வந்துவிடும். சரியாக உங்களுக்குப் பூ தேவைப்படுகிற நேரம் அது. கல்லறைத் திருநாளன்று உங்கள் அம்மாவுக்கு வைக்கும் பூ சொந்தப் பாத்தியில் பூத்ததாக இருக்கவேண்டும். கடைப் பூ என்றால் அம்மா எழுந்து உட்கார்ந்து விசாரிப்பாள் என்பீர்கள்.

எனக்கோ நத்தையைத் தொடவே கூச்சம். தூத்துக்குடிக்காரிக்கு உப்புக்கா பஞ்சம்? உப்பளத்தில் வேலை பார்க்கும் கொழுந்தன் கொண்டுவந்து போட்ட அரை மூட்டையைக் கோலமாவு மாதிரி பாத்தி முழுக்கத் தூவினேன். நத்தை செத்தது. கத்தரியும் செத்தது. அடுத்து வந்த மழை மிச்ச உப்பை மதிலடி ஓட்டை வழியே உங்கள் பக்கம் அனுப்பி, மொட்டு விட்டிருந்த கேந்தியையும் கருக்கியது.

"ஏளா, நத்தைய விரட்டச் சொன்னா கருவாடு போட்டு வச்சிருக்க? உப்பளத்துல எங்கயாவது கத்தரி காய்ச்சுப் பாத்திருக்கியா?"

அந்த வருடம் நீங்கள் கடைப் பூவோடுதான் கல்லறைக்குப் போனீர்கள். என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை; தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிற அத்தனை பேரிடமும் சொன்னதோடு சரி.

நீங்கள் மட்டும் என்ன மேதையா? புன்னைக்காயல் பிறந்தவீட்டிலிருந்து ஒரு சாக்குச் சிப்பி கொண்டுவந்து, இடித்து, பாத்தியைச் சுற்றி வேலி போட்டீர்கள். "கூர் பட்டு வயிறு கிழியும் பாரு." மறுநாள் நத்தைகள் அதன்மேல் நாலுவழிச் சாலையில் போவதுபோல் போய்க்கொண்டிருந்தன. இரண்டு அதற்கடியிலேயே குடித்தனம் வைத்திருந்தன. நான் சிரித்த சிரிப்புக்கு மூன்று நாள் பேச்சில்லை.

பிறகுதான் இருவருக்கும் புத்தி வந்தது. சாயங்காலம் ஈரச்சாக்கை விரித்து அடியில் கோஸ் இலை வைப்பது. விடிந்ததும் தூக்கி, கையில் பாலிதீன் பை மாட்டிப் பொறுக்கி, சோப்புத் தண்ணீர் வாளியில் போடுவது. பொறுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் உறவுமுறை வைப்பீர்கள். "இது எங்க மதினி. தின்ன வருவா, சட்டியக் கழுவ மாட்டா."

போன வாரம் உங்களுக்கான முதல் கல்லறைத் திருநாள். அதற்காக, உப்பு தூவிய இதே கையால் உங்கள் பாத்தியில் கேந்தி நாற்று நட்டிருந்தேன். முதல் மழையிலேயே பாதி வெறும் குச்சியாக நின்றது. உங்கள் வீட்டு அண்ணாச்சி மதிலோரம் வந்தார்.

"ஏம்மா, உரக்கடையில ஏதோ குருணை மருந்து இருக்காம். தூவிட்டா சோலி முடிஞ்சுதுங்கான் கடைக்காரன்."

"தூவலாம் அண்ணாச்சி. முதல்ல அக்கா கோழிதான் அதத் தின்னும். அப்புறம் இருக்கிற பூவ எத்தன கல்லறைக்குப் பிரிக்க?"

அவர் உள்ளே போய் உங்கள் வாளியை எடுத்துவந்து தந்தார்.

முதுகு ஒடியப் பொறுக்கியதில் ஒன்பது பூ தேறியது. இரண்டில் ஓரம் கடித்த கடி. அதைக் கொத்தாகக் கட்டி உங்கள் கல்லறையில் வைத்தேன். சுற்றிலும் கண்மூடிச் செபிக்கிறார்கள். கொத்துக்குள்ளிருந்து கொம்பை நீட்டிக்கொண்டு ஒரு குட்டி நத்தை வெளியே வருகிறது. எனக்கு அழுகை வந்திருக்கவேண்டிய நேரம் அது. எரிச்சல்தான் வந்தது.

"இன்னைக்காவது விடும்மா" என்றார் அண்ணாச்சி.

எப்படி விடுவது? நான் வாசல் தாண்டுவதற்குள் ஒன்பதும் எட்டாகிவிடும். பாலிதீன் பை இல்லை. வெறும் கையாலேயே எடுத்து மூடிக்கொண்டேன். கீழே விட்டால் திரும்ப உங்கள் பூவுக்குத்தான் ஏறும்.

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். ஒரு கையில் கம்பி, மறுகையில் நத்தை. "டிக்கெட்ட எந்தக் கையில தரம்மா?" என்றார் கண்டக்டர். பல்லைக் காட்டினேன், அதிலேயே செருகிவிட்டுப் போனார். முத்தையாபுரம் வரைக்கும் அப்படியே நின்றுகொண்டு வந்தேன். கண்ணில் வந்ததைத் துடைக்க மூன்றாவது கை இல்லை, அக்கா.